டை ஸ்பிரிங் உடைகிறதா, தளர்கிறதா, தட்டு திரும்பவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

தகட்டை வெட்டும் பிரஸ் டையில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால், அதைவிடக் கனமான நிறத்தில் (டை ஸ்பிரிங்கின் பலத்தை நிறத்தால்தான் குறிப்பார்கள்) ஒன்றை வாங்கிப் போடுவது பல டூல் ரூம்களில் வழக்கம். சில நாளில் அதுவும் உடைகிறது. இந்தப் பழுதை மறுபடி மறுபடி சரிசெய்து வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: டை ஸ்பிரிங் பெரும்பாலும் பலம் போதாமல் உடைவதில்லை, அளவுக்கு மீறி அமுக்கப்படுவதால் உடைகிறது. கனமான ஸ்பிரிங்கை இன்னும் குறைவாகத்தான் அமுக்க வேண்டும். அமுக்கம் அப்படியே இருக்க நிறத்தை மட்டும் கனமாக மாற்றினால் அது முன்பைவிடச் சீக்கிரம் போகும். எனவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் வேலை அளவெடுப்பதுதான்.

## கழற்றும் முன்

பிரஸ்ஸை அணைத்துப் பூட்டுங்கள். ராம் (பிரஸ்ஸில் மேலும் கீழும் ஓடும் பாகம்) கீழே இறங்காதபடி பாதுகாப்புக் கட்டையை வையுங்கள். டையைத் திறந்து வைத்திருந்தாலும் ஸ்ட்ரிப்பர் பிளேட்டுக்கு (பஞ்சிலிருந்து தகட்டைக் கழற்றிவிடும் தட்டுக்கு) பின்னால் ஸ்பிரிங்குகள் அமுங்கிய நிலையில்தான் இருக்கின்றன. ஸ்ட்ரிப்பர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுதாகக் கழற்றினால், கடைசிப் போல்ட் விடும்போது பிளேட் தெறிக்கும். கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு, எல்லாப் போல்ட்டையும் சுற்றுக்குச் சுற்று மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். மோல்டின் (பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் அச்சின்) பின் தட்டைக் கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும்.

உடைந்த ஸ்பிரிங்கை எடுத்தால் துண்டுகளைச் சேர்த்து முழு ஸ்பிரிங் ஆகிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் டையை ஓட்டக் கூடாது. அந்தத் துண்டு பஞ்சுக்கும் (தகட்டை வெட்டும் மேல் கருவிக்கும்) டைக்கும் நடுவே போனால் ஸ்பிரிங் விலையைப் போல எத்தனையோ மடங்கு செலவு வரும்.

## எல்லா அறிகுறிக்கும் பொதுவான அளவு

மூன்று நீளங்கள் தேவை.

அமுங்காத நீளம்: அதே வகைப் புது ஸ்பிரிங்கை வெர்னியரில் அளந்து எடுங்கள். ஓடிய ஸ்பிரிங்கை வைத்து அளக்காதீர்கள்.

டை திறந்திருக்கும்போது உள்ள நீளம்: மேல் குழியின் ஆழம், ஸ்ட்ரிப்பர் குழியின் ஆழம், இரண்டு தட்டுக்கும் இடைப்பட்ட வெளி, இவற்றின் கூட்டுத்தொகை. புது நீளத்திலிருந்து இதைக் கழித்தால் முன் அமுக்கம் கிடைக்கும்.

டை முழுதாக மூடியபோது உள்ள நீளம்: தட்டுகளுக்கு நடுவே களிமண் உருண்டை ஒன்றை வைத்து, பிரஸ்ஸை இன்ச்சிங்கில் (சிறிது சிறிதாக நகர்த்தும் முறையில்) மெல்ல அடிமட்டம் வரை கொண்டுபோய்த் திரும்புங்கள். நசுங்கிய களிமண்ணின் உயரம்தான் மூடிய நிலையின் இடைவெளி. அதனுடன் இரண்டு குழி ஆழங்களையும் கூட்டுங்கள்.

புது நீளத்திலிருந்து மூடிய நீளத்தைக் கழித்தால் மொத்த அமுக்கம். அது புது நீளத்தில் எத்தனை சதவீதம் என்பதே முக்கியமான எண். டை ஸ்பிரிங்குகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 10243 நிறங்களின்படி ஏறத்தாழ இந்த எல்லைகள்:

பச்சை (இலேசு): அதிகபட்சம் 40 சதவீதம்
நீலம் (நடுத்தரம்): அதிகபட்சம் 37.5
சிவப்பு (கனம்): அதிகபட்சம் 30
மஞ்சள் (மிகக் கனம்): அதிகபட்சம் 25

இவை கடைசி எல்லைகள். இந்த அளவில் ஓடும் ஸ்பிரிங் நீடிக்காது. உற்பத்தி நிற்காமல் ஓட வேண்டுமானால் பச்சையையும் நீலத்தையும் 25 சதவீத அளவிலும், சிவப்பை 20 சதவீத அளவிலும், மஞ்சளை 17 சதவீத அளவிலும் நிறுத்துவது நல்லது. வாங்கிய ஸ்பிரிங்கின் கேட்டலாக்கில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஸ்பிரிங் உடைகிறது

### எப்போதும் ஒரே இடத்து ஸ்பிரிங்தான் உடைகிறதா?

அப்படியானால் குறை அந்தக் குழியில் இருக்கிறது. செலவில்லாத சோதனையில் ஆரம்பியுங்கள்.

குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அடியில் ஸ்கிராப் துண்டோ, பழைய ஸ்பிரிங்கின் உடைந்த நுனியோ கிடந்தால் புது ஸ்பிரிங் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். சுத்தம் செய்தாலே போதும்.

அடுத்து குழியின் அடித்தளம். டிரில் மட்டும் போட்டு விட்ட குழியில் அடி கூம்பாக இருக்கும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று கூம்பின் விளிம்பில் மட்டும் தாங்கி நிற்கும். முனையிலிருந்து ஒன்று, ஒன்றரைச் சுற்றுக்குள் உடைந்திருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். எண்ட் மில் போட்டு அடியைத் தட்டையாக்குங்கள்.

பிறகு உடைந்த ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அது குழிச் சுவரில் உரசியிருக்கிறது. கேட்டலாக்கில் டை ஸ்பிரிங்கின் விட்டமாகக் குறிப்பிடுவது குழியின் விட்டத்தைத்தான். 25 மி.மீ. ஸ்பிரிங் 25 மி.மீ. குழிக்குள் போகும்படியே செய்யப்பட்டது. அதற்கு 25 மி.மீ.க்குக் குறைவான குழி போட்டிருந்தால் உரசும். அதிகம் விட்டால் உள்ளே வளைந்து உரசும். உட்பக்கம் தேய்ந்திருந்தால் கைடு ராடு (ஸ்பிரிங்கின் உள்ளே செல்லும் கம்பி) பெரிதாக இருக்கிறது, அல்லது அதன் நுனியில் சேம்பர் (விளிம்பைச் சாய்வாக மழித்த வெட்டு) இல்லை.

மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி, நடுவில் தாங்கல் இல்லாத வெளி என்ற அமைப்பில் இரண்டு குழிகளின் மையமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று பாருங்கள். குழி வாயின் கூர் விளிம்பு சுற்றுகளைத் தினமும் அறுத்துக்கொண்டிருக்கும். சேம்பர் போடுவது சுலபம். மையம் விலகியிருந்தால் பிளேட் மறுபடி மெஷினுக்குப் போக வேண்டும், அதை டூல் மேக்கரிடம் விட்டுவிடுங்கள்.

### பல இடங்களிலும் மாறி மாறி உடைகிறதா?

இது மொத்த அமுக்கம் அதிகமாகிவிட்ட டை. மேலே சொன்ன அளவை எடுங்கள். முன்பு நன்றாக ஓடிய டை இப்போது மட்டும் ஏன் உடைக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் கிரைண்டிங்கில் இருக்கிறது.

ஒரு டையில் 76 மி.மீ. நீல ஸ்பிரிங். முன் அமுக்கம் 6 மி.மீ., வேலை ஓட்டம் (அடியின்போது கூடுதலாக அமுங்கும் அளவு) 14 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20, அதாவது 26 சதவீதம். நன்றாக ஓடும். பஞ்சை ஒவ்வொரு முறை கூர் பிடிக்கும்போதும் அது குட்டையாகிறது. ராமை அந்த அளவு கீழே இறக்கினால் ஸ்ட்ரிப்பர் அந்த அளவு கூடுதலாகப் பின்னால் தள்ளப்படும். ஸ்ட்ரிப்பர் போல்ட்டைக் குட்டையாக்கினால் முன் அமுக்கம் அந்த அளவு கூடும். எந்த வழியில் போனாலும் சுமை ஸ்பிரிங்கில்தான் விழுகிறது. மொத்தம் 5 மி.மீ. கிரைண்ட் ஆன பிறகு அமுக்கம் 25, சதவீதம் 33. யாரும் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் ஸ்பிரிங் எல்லையை நெருங்கிவிட்டது.

இதற்கு மூன்று வழிகள், மலிவிலிருந்து வரிசையாக:

பஞ்சுக்குப் பின்னால் கிரைண்ட் ஆன அளவுக்கு ஷிம் (உயரத்தை ஈடுகட்டும் தகட்டுத் துண்டு) வைத்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஷிம் முழுப் பரப்பிலும் தாங்க வேண்டும், கடினமாகவும் இருக்க வேண்டும். பஞ்ச் ஹோல்டர் அனுமதித்தால் இதுவே சிறந்தது.

முன் அமுக்கம் தேவைக்கு மேல் இருந்தால் குழியை ஆழப்படுத்திக் குறையுங்கள். ஆனால் அதைப் பூஜ்ஜியமாக்கக் கூடாது. முன் அமுக்கமே இல்லாத ஸ்பிரிங் ஒவ்வொரு அடியிலும் தளர்ந்து அதிர்ச்சியோடு அடிபடும். புது நீளத்தில் 5 சதவீதமாவது இருக்கட்டும்.

நீளமான ஸ்பிரிங் போடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 76க்குப் பதில் 102 மி.மீ. போட்டால் அதே 25 மி.மீ. அமுக்கம் 24.5 சதவீதமாகக் குறையும், சரிதான். ஆனால் குழியை 26 மி.மீ. ஆழப்படுத்தினால்தான் அந்தக் கணக்கு நிற்கும். அதே குழியில் நீள ஸ்பிரிங்கைத் திணித்தால் முன் அமுக்கமே 32 மி.மீ. ஆகிவிடும், முன்பைவிட மோசம். இன்னொன்று, ஒரே விட்டம், ஒரே நிறத்தில் நீளம் கூடினால் ஒரு மில்லிமீட்டர் அமுக்கத்துக்குக் கிடைக்கும் விசை குறையும். இந்த மாற்றத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். அதை ஈடுகட்ட ஸ்பிரிங் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அல்லது விட்டத்தைக் கூட்ட வேண்டும்.

### பல துண்டுகளாக நொறுங்கியிருக்கிறதா?

சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும் வரை அமுங்கியிருக்கிறது. சுற்றுகளின் மேல், கீழ் முகங்களில் அடிபட்ட தடம் தெரியும். பிரஸ்ஸின் ஷட் ஹைட் (மூடிய நிலையின் உயரம்) சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இந்த நிலையில் ஓட்டினால் பிரஸ்ஸுக்கும் அதிகச் சுமை.

### அமுக்கம் சரி, குழி சரி, இன்னும் உடைகிறதா?

துரு இருக்கிறதா, ஸ்பிரிங் மேல் வெல்டிங் பொறி விழுந்த புள்ளி இருக்கிறதா, யாராவது நீளத்தைக் குறைக்க அறுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். டை ஸ்பிரிங்கை அறுக்கவே கூடாது. பாதியாக அறுத்தால் அது இரு மடங்கு கடினமாகும், அறுத்த முனை தட்டையாக உட்காராது, அறுத்த சூட்டில் அந்த இடம் பலவீனமாகும். பிரஸ் நிமிடத்துக்கு அதிக அடி ஓடினால் அமுக்கச் சதவீதத்தை இன்னும் குறைக்க வேண்டும். இதற்கும் அடங்காவிட்டால் உடைந்த துண்டுகளைத் துடைக்காமல், உடைந்த முகங்களை ஒன்றோடொன்று உரச விடாமல், ஸ்பிரிங் தயாரிப்பாளரிடம் கொடுங்கள். உடைந்த முகத்தைப் பார்த்து விரிசல் எங்கே தொடங்கியது என்று சொல்ல அவர்களால் முடியும்.

உடைந்தது ஒன்றே என்றாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் புதியது அதிகச் சுமை தாங்கும், ஸ்ட்ரிப்பரும் சாயும்.

## அறிகுறி: உடையவில்லை, நீளம் குறைந்துவிட்டது

கழற்றிய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகியிருந்தால் அது எல்லைக்கு மேல் அமுங்கியிருக்கிறது, அல்லது சூடு பட்டிருக்கிறது. பிரஸ் டையில் பெரும்பாலும் முதலாவது. மோல்டில் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மியூசிக் வயர் எனப்படும் சாதாரணக் கரிம எஃகுக் கம்பி ஸ்பிரிங் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் தளர ஆரம்பிக்கும். குரோம் வனேடியம், குரோம் சிலிகான் எஃகு ஸ்பிரிங்குகள் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குக்கு மோல்டையே 80 முதல் 120 டிகிரியில் வைப்பதுண்டு. ஹாட் ரன்னருக்குப் (உருகிய பிளாஸ்டிக்கைச் சூடாகவே கொண்டுபோகும் பாதைக்கு) பக்கத்தில் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட மோல்டில் எந்தக் கம்பி என்று தெரியாத ஸ்பிரிங்கைப் போடாதீர்கள்.

## அறிகுறி: அதே நிறத்தில் மாற்றிய பிறகே தொந்தரவு

இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். நிறம் எல்லா நாட்டுத் தரத்திலும் ஒன்று அல்ல. ஐஎஸ்ஓ முறையில் பச்சை இலேசு, மஞ்சள் மிகக் கனம். ஜப்பானிய முறையில் மஞ்சள்தான் எல்லாவற்றிலும் இலேசு, பிறகு நீலம், சிவப்பு, பச்சை, பழுப்பு என்று கனம் ஏறும். அங்கே பச்சை கனமான வகை. அமெரிக்க வரிசை இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த மோல்டில் பழைய ஸ்பிரிங்கின் பெயின்ட்டைப் பார்த்து வாங்கினால், இலேசான இடத்தில் கனமானது உட்காரும், இல்லையேல் நேர்மாறாக.

சோதிப்பது எளிது. குழி விட்டம், ராடு விட்டம், புது நீளம் ஆகிய மூன்றோடு, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்ற எண்ணையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்த எண் தெரியாவிட்டால் பழைய செட்டில் உடையாத ஒன்றைத் தராசின் மேல் வைத்து, கைப்பிரஸ்ஸால் அளந்த அளவு அமுக்கி எடையைப் படியுங்கள். ஒரு கிலோவுக்கு 9.81 நியூட்டன். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்ய வேண்டாம், ஸ்பிரிங் பக்கவாட்டில் வழுகித் தெறிக்கும்.

## அறிகுறி: தகடு பஞ்சோடு மேலே வருகிறது

முதலில் வருவது எது என்று பாருங்கள். துளையிலிருந்து வெட்டுப்பட்ட சிறு வில்லை பஞ்ச் நுனியில் ஒட்டி வந்தால் அது ஸ்பிரிங் பிரச்சினை அல்ல. கிளியரன்ஸ் (பஞ்சுக்கும் டைக்கும் உள்ள இடைவெளி), எண்ணெய், பஞ்சில் ஏறிய காந்தம் பக்கம் தேடுங்கள். தகடே பஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஸ்ட்ரிப்பரைக் கையால் அசைத்துப் பாருங்கள், சில இடங்களில் பிசின் போல இறுகிய எண்ணெய் அதைப் பிடித்திருக்கும். பிறகு பஞ்சின் கூர். மழுங்கிய பஞ்ச், பக்கச் சுவரில் உலோகம் ஒட்டிய பஞ்ச், குறைவான கிளியரன்ஸ், இவை எல்லாம் தகட்டின் பிடியைக் கூட்டும். இவற்றைச் சரிசெய்யாமல் ஸ்பிரிங்கைக் கனமாக்குவது வீண்.

இதெல்லாம் சரியென்றால் கணக்குப் போடுங்கள். வெட்டும் சுற்றளவு 300 மி.மீ., தகடு 2 மி.மீ., வெட்டு வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 300 நியூட்டன் என்றால் வெட்டும் விசை 1,80,000 நியூட்டன். தகட்டைக் கழற்ற அதில் 5 முதல் 20 சதவீதம் வரை ஆகும், 10 என்று எடுத்தால் 18,000. ஆறு ஸ்பிரிங் என்றால் ஒன்றுக்கு 3,000 நியூட்டன்.

இந்த விசை ஸ்பிரிங்கின் எந்த நிலையில் கிடைக்க வேண்டும்? பஞ்ச் நுனி தகட்டை விட்டு வெளியேறும் வரை. அந்த நேரத்தில் ஸ்பிரிங் கிட்டத்தட்ட முன் அமுக்க நிலைக்குத் திரும்பியிருக்கும். ஆகவே முன் அமுக்கத்தில் கிடைக்கும் விசையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். முழு அமுக்கத்தின் விசையைப் பார்த்து வாங்கிய ஸ்பிரிங்தான் பல டைகளில் தகட்டைக் கழற்றத் திணறுகிறது.

தேவையான விசைக்கு ஸ்பிரிங் வைக்க இடமே இல்லை என்றால் கேஸ் ஸ்பிரிங் பக்கம் போக வேண்டும். அதில் 150 பார் அளவுக்கு நைட்ரஜன் அடைத்திருக்கும். பொருத்துவதும் வாயு நிரப்புவதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

## அறிகுறி: ஸ்ட்ரிப்பர் சாய்கிறது, மெல்லிய பஞ்ச் ஒடிகிறது

ஸ்பிரிங்குகளை எல்லாம் எடுத்து ஒரு சமதளத்தில் வரிசையாக நிறுத்துங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் அங்கேயே விடை. அடுத்து ஸ்ட்ரிப்பர் போல்ட்டுகளின் நீளம் எல்லாம் ஒன்றா என்று ஹைட் கேஜில் பாருங்கள்.

புரோகிரெசிவ் டையில் (தகடு நகர்ந்து நகர்ந்து பல நிலைகளில் வெட்டப்படும் டையில்) புதுத் தகடு நுழையும்போது மட்டும் பஞ்ச் ஒடிகிறதென்றால், அப்போது ஸ்ட்ரிப்பரின் ஒரு முனையில்தான் தகடு இருக்கிறது, மறு முனை காலி. காலி முனையில் தகட்டின் தடிமனுக்குச் சமமான தாங்கு கட்டைகள் வேண்டும். ஸ்பிரிங்குகளைப் பிளேட்டின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்திருந்தாலும் சாயலாம். வெட்டும் சுமையின் மையத்தைச் சுற்றி அவை சமமாக இருக்க வேண்டும். அதற்காக இடம் மாற்றுவது வடிவமைப்பு வேலை.

## அறிகுறி: தகட்டில் ஸ்ட்ரிப்பரின் தடம் பதிகிறது

அலுமினியம், பித்தளைத் தகடுகளில் அடிக்கடி வரும். முகத்தில் பிசிறோ துகளோ ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இல்லையென்றால் விசை தேவைக்கு மேல் இருக்கிறது, ஒரு படி இலேசான நிறம் போதும். பஞ்சைச் சுற்றியுள்ள இடத்தைத் தவிர மற்றப் பரப்பை ஸ்ட்ரிப்பரில் சற்றுத் தாழ்த்தி விடுவதும் உதவும்.

## அறிகுறி: மோல்டில் எஜெக்டர் தட்டு முழுதாகத் திரும்பவில்லை

எஜெக்டர் தட்டு என்பது, பாகத்தை மோல்டிலிருந்து வெளியே தள்ளும் பின்களைத் தாங்கும் தட்டு. அது திரும்ப எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பாருங்கள்.

### கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் நிற்கிறதா?

தட்டுக்கு அடியில் உள்ள ஸ்டாப் பட்டன்களின் மேல் பிளாஸ்டிக் துகள் இருக்கிறதா? பெரும்பாலும் அதுதான். இல்லையென்றால் முன் அமுக்கம் போதவில்லை. திரும்பி வரும் ஸ்பிரிங் தட்டு உட்கார வேண்டிய இடத்தில்தான் மிக நீளமாக, மிகப் பலவீனமாக இருக்கிறது. அங்கே கிடைக்கும் விசை, தட்டுகளும் பின்களும் சேர்ந்த எடையைத் தாண்டியிருக்க வேண்டும். அந்தத் தொகுதி 40 கிலோ என்றால் உட்கார்ந்த நிலையிலேயே எல்லா ஸ்பிரிங்கும் சேர்ந்து 400 நியூட்டனுக்கு மேல் தர வேண்டும். செங்குத்தாக மூடும் மெஷினில் எஜெக்டர் பக்கம் கீழே இருந்தால் எடை உதவும், மேலே இருந்தால் எதிர்க்கும்.

### நடுவிலேயே நிற்கிறதா?

மோல்டு ஆறிய நிலையில் சரியாக ஓடி, சூடானதும் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் தட்டுகளின் விரிவால் பின்கள் இறுகுகின்றன, ஸ்பிரிங்கை மாற்றிப் பயனில்லை. ஆறிய நிலையிலும் பிடித்தால் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுத் தட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். வளைந்த எஜெக்டர் பின், எண்ணெய் இல்லாத கைடு, சாய்ந்த ரிட்டர்ன் பின் எல்லாம் அப்போது தெரியும். சுலபமாக ஓடினால்தான் ஸ்பிரிங் பக்கம் திரும்ப வேண்டும். எஜெக்ஷன் ஓட்டத்தையும் முன் அமுக்கத்தையும் கூட்டி, மேலே சொன்ன சதவீத எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். பாகத்தை இன்னும் வெளியே தள்ள யாராவது மெஷினில் எஜெக்ஷன் ஓட்டத்தைக் கூட்டியிருந்தால் ஸ்பிரிங் எல்லை மீறியிருக்கும்.

ஸ்லைடுக்கு (மோல்டில் பக்கவாட்டில் நகரும் பாகத்துக்கு) நேர் பின்னால் எஜெக்டர் பின் இருக்கும் மோல்டை ஸ்பிரிங்கை மட்டும் நம்பி ஓட்ட வேண்டாம். ஒரு ஸ்பிரிங் உடைந்தால் ஸ்லைடு பின்மேல் மோதும், கோரும் (பாகத்தின் உட்பக்கத்தை உருவாக்கும் அச்சுப் பகுதியும்) கெட்டுப்போகும். தட்டு உட்கார்ந்ததை மெஷினுக்குச் சொல்லும் லிமிட் சுவிட்ச், அல்லது மெஷினின் எஜெக்டர் ராடோடு தட்டை இணைத்து இழுக்கும் அமைப்பு, இரண்டில் ஒன்று இல்லாமல் அந்த மோல்டு உற்பத்திக்குப் போகக் கூடாது. இதை மோல்டு மேக்கரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

## அறிகுறி: ஸ்லைடு திறந்த இடத்தில் நிற்காமல் நழுவுகிறது

மோல்டின் மேல் பக்கத்து ஸ்லைடா என்று பாருங்கள். கீழ்ப் பக்கத்து ஸ்லைடைத் தன் எடையே பிடித்து வைக்கும், மேல் பக்கத்தில் ஸ்பிரிங்தான் தாங்க வேண்டும். 6 கிலோ ஸ்லைடின் எடை ஏறத்தாழ 59 நியூட்டன். ஸ்லைடு முழுதாகத் திறந்த நிலையில், அதாவது ஸ்பிரிங் மிகவும் தளர்ந்திருக்கும் நிலையில், அதைப் போல இரு மடங்காக 120 நியூட்டன் கிடைக்கட்டும். ஸ்பிரிங் சரியாக இருந்தும் நழுவினால் ஸ்டாப்பர், கிப் தட்டுகளின் (ஸ்லைடை வழிநடத்தும் தட்டுகளின்) தேய்மானம் ஆகியவற்றைப் பாருங்கள். ஆங்கிள் பின் (ஸ்லைடை நகர்த்தும் சாய்ந்த பின்) ஸ்லைடின் துளையில் நுழையாமல் ஓரத்தில் இடித்த தடம் ஏதாவது தெரிந்தால் மோல்டை அப்படியே இறக்கி மோல்டு மேக்கரிடம் அனுப்புங்கள். வளைந்த ஆங்கிள் பின்னோடு இன்னொரு ஷாட்கூட எடுக்க வேண்டாம்.